மெகாவாட்டுக்கு எத்தனை கோடி என்று கேட்பதற்கு முன்னால்

கேள்வி இதுதான். குடியாத்தத்துக்கும் பேர்ணாம்பட்டுக்கும் நடுவில் சொந்தக்காரர்கள் நிலத்தையெல்லாம் சேர்த்தால் 100 ஏக்கர் தேறும். ஆம்பூர், வாணியம்பாடி டேனரிக்காரர்கள் (தோல் பதனிடுபவர்கள்) நாலைந்து பேர் பங்குக்கு வரத் தயார். 25 மெகாவாட் சோலாரும் 50 மெகாவாட்-அவர் (50,000 யூனிட் பிடிக்கும்) பேட்டரியும் போடலாம் என்று யோசனை. ஒரு ஆலோசகர் "சோலாருக்கு மெகாவாட்டுக்கு இவ்வளவு, பேட்டரிக்கு மெகாவாட்-அவருக்கு இவ்வளவு, பெருக்கிக்கோங்க" என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். இதை நம்பி பேங்குக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

போகாதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அந்த ரேட் எங்கேயோ யாரோ ஒருவருக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது எந்தத் தேதி ரேட், எந்த மெகாவாட்டுக்கு, எது வரைக்கும் சேர்த்து என்ற மூன்றும் அந்தத் தாளில் இல்லை. இந்த மூன்றும் இல்லாத தாளை வைத்துக்கொண்டு பேரம்கூடப் பேச முடியாது.

தேதியை முதலில் பார்ப்போம். ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் 2016ல் வந்தது, செலவு 4,550 கோடி என்றார்கள். வகுத்தால் மெகாவாட்டுக்கு 7 கோடி. இன்று அந்த விலைக்கு யாராவது கொட்டேஷன் கொடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுவீர்கள். பேட்டரி இன்னும் வேகம். 2022ல் செகி (மத்திய அரசின் சோலார் நிறுவனம்) நடத்திய ஏலத்தில் 2 மணி நேர பேட்டரிக்கு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.84 லட்சம் ரூபாய் வந்தது. 2024 மார்ச்சில் குஜராத்தில் அதுவே 4.49 லட்சம். அந்த வருஷம் முடிவதற்குள் மத்திய அரசு மானியத்தோடு 2.5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஆறு மாதத்துக்கு முந்தைய பேட்டரி ரேட்டை எழுதிக் கொடுப்பவர் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளித் தங்க விலையில் நகை எஸ்டிமேட் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே விலை எதிர்ப்பக்கம் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். விலை இறங்கிக்கொண்டே இருக்கிறதே, நமக்கு லாபம்தானே என்று நினைக்கலாம். இறங்கிய விலையை நம்பி ஏலத்தில் குறைத்துச் சொல்லிவிட்டு, நடுவில் டாலரோ லித்தியமோ ஏறியதும் கையைப் பிசைந்தவர்கள் நிறைய.

அப்புறம் எந்த மெகாவாட். கிரிட்டுக்குப் போகும் ஏசி மெகாவாட் 25. ஆனால் பேனல் அதே 25 வாங்கினால் பத்தாது, காலையிலும் மாலையிலும் இன்வெர்ட்டர் பாதி வயிற்றோடு நிற்கும். 1.4 மடங்கு வைத்தால் டிசி பக்கம், அதாவது இன்வெர்ட்டருக்கு முன்னால் பேனல் பக்கம், 35 மெகாவாட். பேட்டரி வேறு இருப்பதால் மத்தியானம் வழிகிறதைக்கூடப் பிடித்து வைக்க ஒரு இடம் இருக்கிறது, அதனால் இதற்கும் மேலே போகிறவர்களும் உண்டு. இப்போது ஆலோசகரின் "மெகாவாட்டுக்கு இவ்வளவு" என்பது 25ஆல் பெருக்கவா 35ஆல் பெருக்கவா? அவருக்கே போன் போட்டுக் கேளுங்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

35 மெகாவாட்டை 580 வாட் பேனலால் வகுத்தால் 60,345 பேனல். ஒரு பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் தரையில் பரப்பினாலே 38 ஏக்கருக்கு மேல் வரும். வரிசைக்கு வரிசை நிழல் விழாமல் இடைவெளி, வண்டி போக வழி, இன்வெர்ட்டர் அறை, வேலியோரம் எல்லாம் விட்டால் நிலத்தில் நூற்றுக்கு 42 பங்குதான் கண்ணாடி நிற்கும். ஆக 90 ஏக்கர் தாண்டிவிட்டது. சப்ஸ்டேஷனுக்கும் பேட்டரிக்கும் இன்னும் நாலைந்து ஏக்கர். உங்கள் 100 ஏக்கர் தாளில் போதும், நடுவில் ஒரு ஓடை போனால் போதாது. போகிறது என்றுதான் நினைக்கிறேன், அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஓடை இல்லாத 100 ஏக்கரை நான் பார்த்ததில்லை.

நிலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். சொந்தக்காரர்கள் நிலம்தானே என்று இதைச் சைபர் போடாதீர்கள். கூட்டுப் பட்டா, பாகப்பிரிவினை ஆகாத பங்கு, சென்னையில் இருக்கும் அத்தை மகனின் கையெழுத்து, இதெல்லாம் எஸ்டிமேட்டில் ரூபாயாக வராது, மாதமாக வரும், மாதம் வட்டியாக வரும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, அ-பதிவேட்டையும் (கிராமத்து நில வகைப் பதிவு) எஃப்.எம்.பி. வரைபடத்தையும் (சர்வே நம்பரின் அளவு வரைபடம்) எடுங்கள். நடுவில் ஒரு சர்வே நம்பர் பஞ்சமி நிலமாக (பட்டியல் சாதியினருக்கென்று அரசு கொடுத்தது) இருந்தால் கிரயப் பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் அதைத் தொடாதீர்கள், சட்டமும் விடாது, நியாயமும் கிடையாது. கம்பெனி பெயரில் வாங்குவதானால் நில உச்சவரம்புச் சட்டத்தில் 15 ஸ்டாண்டர்ட் ஏக்கருக்கு மேல் வைத்திருக்க அனுமதி வாங்க வேண்டும். முத்திரைத்தாள் 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம் தனி. இதனால்தான் பலரும் நீண்டகால லீஸுக்குப் போகிறார்கள், நானும் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

சரி, மண்ணுக்கு வருவோம். எஸ்டிமேட் கவிழ்வதை நான் நேரில் பார்த்தது இங்கேதான். சில வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்திலேயே ஒரு சின்ன பிளான்ட்டுக்கு மண் பரிசோதனை ஒழுங்காகச் செய்யாமல் "செம்மண் நிலம், பைலை அடித்தே இறக்கிடலாம்" என்று ரேட் போட்டிருந்தார்கள். பைல் என்றால் பேனலைத் தாங்கும் இரும்புக் கால். அடிக்கும் மெஷின் வந்தது. முதல் பைல் ஒன்றரை மீட்டர் போக வேண்டும், இரண்டடியில் நின்றுவிட்டது. இடம் மாற்றினோம், அங்கே ஒரு முழம். மூன்றாவதில் பைலின் தலை கூழாங்கல் மாதிரி மழுங்கி மடங்கியது, கீழே அசைவில்லை. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இங்க கிணறு வெட்டவே வெடி வெச்சோம் சார், நீங்க ஆணி அடிக்கிறீங்க" என்றார். அவரை ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் ஒரு டீ செலவோடு போயிருக்கும். கடைசியில் எல்லாக் குழியையும் பாறை டிரில் வைத்துப் போட்டு கான்கிரீட் ஊற்றினோம், எஸ்டிமேட்டில் அந்த ஒரு ஐட்டத்தின் செலவு மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டியது, இரண்டு மாதமும் போனது. நம் ஊர் நிலம் மேலே செம்மண், கீழே கருங்கல். அரை ஏக்கருக்கு அரை ஏக்கர் மாறும். 100 ஏக்கருக்கு நாலு இடத்தில் துளை போட்டுவிட்டு ரிப்போர்ட் கொடுப்பவரை நம்பாதீர்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, பைலை நட்டு, இழுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு மொத்தத்தில் தூசு.

வெயிலைப் பற்றி எல்லோரும் ஒரு தப்பு பண்ணுவோம். வேலூரை வெயிலூர் என்று கிண்டல் பண்ணுகிறார்களே, அப்போ கரண்ட் கொட்டும் என்று. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. மே மாதம் வெளியே 42 டிகிரி என்றால் பேனல் உள்ளே 65 போகும். சோதனைக்கூடத்தில் அளந்த 25ஐவிட 40 டிகிரி அதிகம். மோனோ பெர்க் என்ற பழைய வகை பேனல் டிகிரிக்கு 0.35 சதம் இழக்கும், ஆக 14 சதம் காலி. டாப்கான் என்ற புது வகை பேனலில் டிகிரிக்கு 0.30 அளவு, 12 சதம். அந்த 2 சதம் உங்கள் 35 மெகாவாட்டில் உச்சி வெயிலில் 700 கிலோவாட். கொட்டேஷனை ஒப்பிடும்போது வாட்டுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

வருஷத்துக்கு எவ்வளவு யூனிட் வரும் என்றால், ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளுக்கு 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று சராசரி வைத்துக் கணக்குப் போடுங்கள், 5 கோடி யூனிட்டைத் தாண்டும். பேங்க் இதை அப்படியே ஒத்துக்கொள்ளாது, பத்தில் ஒன்பது வருஷம் நிச்சயம் வரும் அளவு எவ்வளவு என்று கேட்பார்கள். அது குறைவாகத்தான் இருக்கும், கடனும் அதை வைத்துத்தான்.

பேனல் விலை பற்றி ஒரே ஒரு விஷயம். 35 மெகாவாட்டில் வாட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் 3.5 கோடி. இவ்வளவுதான் கணக்கு. வெளிநாட்டுப் பேனலுக்குச் சுங்க வரி இருக்கிறது, மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள மாடல்தானா என்பது இருக்கிறது, உள்ளே இருக்கும் செல்லும் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதி 2026 ஜூன் முதல். இந்த மூன்றில் எது உங்கள் ஆர்டர் தேதியில் விழுகிறது என்பதைப் பொறுத்து விலை வாட்டுக்குப் பல ரூபாய் ஆடும். ஆலோசகரின் தாளில் "உள்நாட்டு செல்லா, வெளிநாட்டு செல்லா" என்று ஒரு வார்த்தை இருக்கிறதா பாருங்கள்.

இப்போது பேட்டரி. இங்கேதான் பெருக்கல் வாய்ப்பாடு முழுசாக உடையும், அதனால் நிதானமாகப் போகிறேன். இன்று சந்தையில் வரும் 20 அடி கன்டெய்னர் ஒன்றில் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 4,992 இருக்கும். ஒரு செல் 314 ஆம்பியர்-அவர், 3.2 வோல்ட், பெருக்கினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு நூல் மேலே. ஆக ஒரு கன்டெய்னர் 5 மெகாவாட்-அவர் சொச்சம். 50 வேண்டும், பத்து கன்டெய்னர், முடிந்தது என்பதுதான் உங்கள் ஆலோசகர் போட்ட கணக்கு.

அந்த 50 எந்த இடத்தில் அளக்கிற 50? பெயர்ப்பலகையிலா, மீட்டரிலா? டேனரிக்காரர் காசு கொடுப்பது மீட்டரில் வருவதற்கு. பேட்டரியிலிருந்து வெளியே வரும்போது இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் எல்லாம் தின்றது போக 94 சதம் வரும் என்று வையுங்கள். செல்லை அடி வரைக்கும் வழித்து எடுக்க முடியாது, 97 சதம் எடுக்கலாம் என்று வையுங்கள். 50 வெளியே வர உள்ளே 55 இருக்க வேண்டும், 11 கன்டெய்னர். இது முதல் நாள் கணக்கு. வருஷா வருஷம் பேட்டரி தேயும். ஐந்தாம் வருஷம் 88 சதம் மிச்சம் என்றால், அப்போதும் 50 கொடுக்க 13 கன்டெய்னர் வாங்கியிருக்க வேண்டும். 12ஆம் வருஷம் 70 சதம் என்றால் 16. ஒரே "50 மெகாவாட்-அவர் பேட்டரி", பத்தா பதினாறா என்பது ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பதினாறையும் இன்றே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. விலை இறங்கும் சாமானை முன்கூட்டியே வாங்கி வெயிலில் கிழடாக்குவானேன். 11 அல்லது 12 போட்டுவிட்டு, மீதிக்கு அஸ்திவாரமும் கேபிள் பள்ளமும் டிரான்ஸ்ஃபார்மர் இடமும் இப்போதே விட்டுவைத்து, ஐந்தாவது வருஷம் சேர்க்கலாம். ஆனால் அந்த ஐந்தாவது வருஷச் செலவை இன்றைய எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் திட்டம் பார்க்க அழகாக இருக்கும், அழகாக இருக்கட்டும் என்றுதான் பலர் விடுகிறார்கள்.

கன்டெய்னர் விலை டாலரில் வரும். கிலோவாட்-அவருக்கு 10 டாலர் ஏறினால் 13 கன்டெய்னருக்கு 6.5 லட்சம் டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 5.9 கோடி. அதே மாதிரி ஆலோசகர் "பேட்டரி விலை" என்று சொன்னது வெறும் கன்டெய்னரா, கூட இன்வெர்ட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டுப்பாட்டு மென்பொருளும் சேர்த்தா என்று கேளுங்கள், செய்தியில் வரும் விலை பெரும்பாலும் வெறும் பேக் (செல்களை அடுக்கிய பெட்டி) விலை.

உள்ளே போட்டதெல்லாம் வெளியே வராது என்பதும் செலவுதான். 85 சதம் திரும்ப வரும் என்றால் 50 வெளியே எடுக்க 59 உள்ளே போட வேண்டும், தினமும் இப்படி ஓட்டினால் வருஷத்துக்கு 32 லட்சம் யூனிட் சூடாகப் போகிறது. அந்த 85ல் கன்டெய்னரைக் குளிரவைக்கும் ஏசி மெஷின் இழுக்கும் கரண்ட் சேர்ந்ததா இல்லையா என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். ஊட்டியில் ஓடும் பேட்டரிக்கும் பேர்ணாம்பட்டில் ஓடும் பேட்டரிக்கும் அந்த ஏசி பில் ஒன்றாக இருக்காது.

தீ விஷயம். 2025 ஜனவரியில் கலிஃபோர்னியா மாஸ் லேண்டிங்கில் எரிந்தது வேறு வேதியியல் பேட்டரி, கட்டடத்துக்குள் அடுக்கியது. உங்களுடையது எல்.எஃப்.பி., திறந்த வெளி. ஆனால் இன்ஷூரன்ஸ்காரருக்கு இரண்டும் பேட்டரிதான். கன்டெய்னருக்கு நடுவில் எத்தனை மீட்டர், தீயணைப்புத் தண்ணீர் எவ்வளவு, எந்தச் சோதனைச் சான்றிதழ் என்று அவர் கேட்பதை லேஅவுட் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு கன்டெய்னர் 40 டன்னுக்கு மேல் எடை. டிரெய்லரையும் சேர்த்து ஊருக்குள் எந்த ரோட்டில் வரும் என்று ஒருநாள் பைக்கில் போய்ப் பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து சைட்டுக்கு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும், அதில் ஒரு பழைய ஓடைக் கல்வெர்ட் இருக்கும், குழாய் வைத்து மண் மூடியது. அதன் மேல் கரும்பு லாரி போகிறது என்பதால் இதுவும் போகும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் தற்காலிகப் பாதை போட பஞ்சாயத்து அனுமதி, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரம், கிரேன் சும்மா நிற்கும் வாடகை.

லைன் செலவை இவ்வளவு தள்ளி எழுதுகிறேன், ஆனால் நானாக இருந்தால் முதல் வேலை அதுதான். 25 மெகாவாட் 33 கே.வி. (கிலோவோல்ட்) லைனில் போக வாய்ப்பில்லை, 110 கே.வி. என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து சப்ஸ்டேஷன் வரைபடத்தில் 7 கிலோமீட்டர் என்று காட்டும். லைன் அப்படி நேராகப் போகாது. காப்புக்காட்டைச் சுற்ற வேண்டும், அந்தப் பக்கம் யானை இறங்குகிற இடம் என்பதால் வனத்துறை சும்மா விடாது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் போகிறதென்றால் ஆறு, சென்னை-பெங்களூரு ரயில் பாதை, நெடுஞ்சாலை என்று வரிசையாகக் குறுக்கே வரும், ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிக் கட்டணம். தென்னந்தோப்பு வழியாகப் போனால் மரத்துக்கு நஷ்டஈடு, மரத்துக்குச் சொந்தக்காரர் கேட்கும் தொகைக்கும் அரசு விலைக்கும் நடுவில் பல மாதம். சப்ஸ்டேஷனில் உங்களுக்கு ஒரு பே (லைனை இணைக்கும் பகுதி) கட்ட இடம் இருக்கிறதா, இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் 25 மெகாவாட் ஏறுமா என்பது எழுத்தில் வரும் வரை நிலத்துக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். லைன் நீளம் இரண்டு மடங்கானால் மெகாவாட் ரேட் என்ற ஒன்று அர்த்தமே இல்லாமல் போய்விடும், ஏனென்றால் 25 மெகாவாட் ஆனாலும் 50 ஆனாலும் லைன் ஒன்றுதான்.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமானுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 ஆனது. மொத்த ஒப்பந்தமாகக் கொடுத்தால் 70 பங்கு சாமான், 30 பங்கு சேவை என்று பிரித்து, முன்பு 13.8 சதம் வந்தது இப்போது 8.9. நூறு கோடிக்கு ஐந்து கோடி வித்தியாசம், பழைய தாளில் இருக்கும் வரியைப் பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு 18 சதம், அதை ஒப்பந்தத்தில் எப்படிப் பிரிப்பது என்று ஆடிட்டரோடு உட்காருங்கள். கட்டிய வரி திரும்பி வராது, கரண்ட் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் கழிக்க எதுவும் கிடையாது, முழுசும் செலவுதான்.

வட்டி. மொத்தம் 150 கோடி என்று சும்மா ஒரு எண் வைப்போம். 105 கோடி கடன், ஒன்பதரை வட்டி. எல்லாம் கட்டி முடித்து லைனுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் 83 லட்சம்.

தண்ணீரை யாரும் எழுத மாட்டார்கள். 60,000 பேனலை ஒரு தடவை கழுவ, ஒன்றுக்கு இரண்டு லிட்டர் என்றாலே 1.2 லட்சம் லிட்டர். பாலாற்றுப் படுகை நிலத்தடி நீர் என்ன கதியில் இருக்கிறது என்று டேனரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம், 1996ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். உப்புத் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும், அப்புறம் அதைச் சுரண்டவும் முடியாது. ஒன்று ஆர்.ஓ. போட வேண்டும், இல்லை தண்ணீர் இல்லாமல் துடைக்கும் ரோபோ. உங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பங்குதாரர் விஷயத்தில் ஒரு வார்த்தை. குரூப் கேப்டிவ் (கரண்டை எடுப்பவர்களே பங்கு போட்டு நடத்தும் பிளான்ட்) என்றால் டேனரிகள் சேர்ந்து 26 சதம் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதமாவது அவர்களே எடுக்க வேண்டும். ஒருவர் நடுவில் தொழிலை மூடினால் அந்தக் கணக்கு ஆட்டம் காணும். பேட்டரி அவர்களுக்கு எதற்கு என்றால் மாலை 6லிருந்து 10 வரை உச்ச நேரத்துக்கு 25 சதம் கூடுதல் கட்டணம், கழிவுநீர் பிளான்ட்டோ ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் அத்தனை பேரும் சேர்ந்து எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் 50 வேண்டுமா 30 போதுமா என்று சொல்ல முடியும். நீங்கள் 50 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேள்வியில் இல்லை, ஆலோசகர் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு டேனரியிலும் 12 மாத கரண்ட் பில்லும், மீட்டரிலிருந்து 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவான லோடு விவரமும் வாங்குங்கள். மின்வாரியத்தில் கேட்டால் கொடுப்பார்கள். அதையும், எஃப்.எம்.பி. வரைபடத்தையும், சப்ஸ்டேஷன் பெயரையும் அனுப்புங்கள். மண் பரிசோதனைக்கு முன்னால் நான் போட்டுத் தரும் எண்ணில் எதிர்பாராச் செலவுக்கு 10 சதம் வைப்பேன், பரிசோதனை ரிப்போர்ட்டும் லைன் சர்வேயும் வந்த பிறகு 4 ஆக்குவேன். ஆலோசகர் தாளில் அந்த எதிர்பாராச் செலவு எத்தனை சதம் இருக்கிறது என்று மறக்காமல் பார்த்துச் சொல்லுங்கள்.